அத்தை செய்து காட்டிய மனிதர்கள்

அத்தை யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்களிடம் இருக்கும் குறையைத்தான் பார்ப்பாள். முகத்தை அதற்கு அப்புறம்தான் பார்ப்பாள். ஊருக்குப் புதிதாக ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்தால் மற்ற பெண்கள் அவள் கழுத்தைப் பார்ப்பார்கள், சேலையைப் பார்ப்பார்கள். அத்தையோ அவள் படி ஏறும்போது எந்தக் கால் லேசாக இழுக்கிறது, சிரிக்கும்போது எந்தப் பல்லை உதட்டால் மறைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் குழாயடியில் அந்தப் புதுப்பெண் இன்னொரு முறை நடந்து வருவாள், அத்தையின் உடம்பை எடுத்துக்கொண்டு.

‘செய்து காட்டுவது’ என்று எங்கள் குடும்பத்தில் அதைச் சொல்வோம். கல்யாண வீடு, இழவு வீடு எதுவானாலும் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். “அயித்தை, அந்த தாசில்தார் ஆபீஸ் ஆள செய்யி.” “சின்னம்மா, சம்பந்தக்காரவுக சாப்புடறத செய்யி.” அத்தை பிகு செய்ய மாட்டாள். முந்தானையை எடுத்து முகத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகத் துடைப்பாள். பலகையில் எழுதியதை அழிப்பதுபோல அவளுடைய முகம் அழிந்துவிடும். முந்தானை இறங்கும்போது அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

குரல், நடை, இருமல், மூக்கை உறிஞ்சுவது, சோற்றை உருட்டுவது எல்லாம் வந்துவிடும். கண்களை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள். யாரைச் செய்தாலும் கண்கள் அத்தையினுடையதாகவே இருக்கும். அவை சுற்றியிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும். யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை. செய்யப்படுகிற ஆள் அந்த இடத்திலேயே இருந்தால் கடைசியில் அவர் மேல் போய் நிற்கும்.

அவள் என் அய்யாவின் தங்கை. அபிராமம் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்து, நயினார்கோவில் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சொந்த நிலம், கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் நெல், ஒரு கிடை ஆடு. குறையில்லாத வாழ்க்கைதான். எதனால் அவள் அப்படி ஆனாள் என்று எனக்குத் தெரியாது. காரணம் சொல்ல முடிந்தால் அவளை மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அய்யா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இயல்பிலேயே கீச்சுக் குரல். மாரில் அடித்துக்கொண்டு அழும்போது அது இன்னும் மேலே போய், உச்சியில் உடைந்து, ஒரு விக்கலோடு கீழே வரும். கருமாதி முடிந்த அன்று மத்தியானம், சாப்பிட்ட அசதியில் பெண்கள் நடுவீட்டில் சாய்ந்து கிடந்தார்கள். அம்மா உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. அத்தையாகவே எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள்.

“என் ராசா, என்னய இங்கன தனியா விட்டுட்டு எங்கன போன...”

குரல் மேலே போயிற்று, உடைந்தது, விக்கலோடு இறங்கியது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். செத்தது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவளும் அவள்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

அம்மா கையில் ஒரு போணிப் பாத்திரத்தோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். அத்தை பார்த்துவிட்டாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு அடி அழுது, அந்த விக்கலையும் சரியாக முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

“அப்படியேதான் இருக்கு” என்று அம்மா சொன்னாள். சிரித்தும் விட்டாள்.

அதன் பிறகு அம்மா வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. அவளைப் பெற்றவள் செத்துக் கிடந்த வீட்டில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் சொன்னது.

அப்படிப்பட்ட அத்தையைத் தேடி நான் ஏன் போனேன் என்று என் வீட்டுக்காரர் பலமுறை கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் அவள் வீட்டில் குண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அத்தை குனிந்த தலை நிமிராமல், ஒரு கனைப்போடு, “தாயி, செம்புல தண்ணி கொண்டா” என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். பானையில் செம்பை விட்டு மோந்தும் விட்டேன். அப்புறம்தான் அய்யா இறந்து எத்தனையோ வருடம் ஆயிற்று என்பது உறைத்தது. அந்தக் கனைப்பு, ‘தாயி’யின் கடைசியில் வரும் அந்த இழுவை எல்லாம் அப்படியே அய்யா. செம்போடு அங்கேயே நின்று அழுதேன்.

“அயித்தை, இன்னொருக்கா” என்றேன்.

அத்தை என்னை நிதானமாகப் பார்த்தாள். முகத்தைத் துடைத்தாள். நான் அய்யாவுக்காகக் காத்திருந்தேன். முந்தானைக்குப் பின்னாலிருந்து வந்தது நான். பிளந்த வாய், நடுங்குகிற மோவாய், மூக்கால் வருகிற கெஞ்சல். “அயித்தை, இன்னொருக்கா.” அந்த வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. சிரிப்பதற்கு ஆள் இல்லாத இடத்திலும் அவள் செய்வாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. அய்யாவின் குரலை அந்தக் காலத்தில் யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. உலகத்தில் அது இருந்த ஒரே இடம் அவளுடைய தொண்டை. எப்போதாவது, அவளுக்குத் தோன்றினால், பாதிப் பேச்சில் எடுத்து வீசுவாள். அதற்காகக் காத்துக்கிடந்தேன். இப்போது அவளும் இல்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் வீட்டுக்காரர் திக்குவாய். கல்யாணமான புதிதில், மறுவீட்டு விருந்து அன்றைக்கே அத்தை அவரைச் செய்து காட்டிவிட்டாள் என்று சொல்வார்கள். “எ... எ... எனக்கு ரசம் போ... போதும்.” முதலில் சிரித்தது அவரைப் பெற்ற தாய்தானாம். அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்தார். வேண்டும் என்றால் தலை, வேண்டாம் என்றால் கை, மற்றதற்கெல்லாம் ஒரு ‘ம்’. புதிதாக வருகிறவர்கள் அவரை ஊமை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஆடுகளிடம் மட்டும் அவருக்குத் திக்காது. “ஏலே, அங்கன போகாத, முள்ளு கெடக்கு. இங்கிட்டு வா, இந்தக் கொழைய தின்னு” என்று தண்ணீர் ஓடுவதுபோல வரும். ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தை அதைக் கேட்டுவிட்டாள். அடுத்த விசேஷத்தில் அதையும் செய்தாள். வீட்டில் ‘ம்’, கிடையில் பிரசங்கம் என்று மாற்றி மாற்றிச் செய்தபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு மாமா ஆடுகளை விசிலடித்துத்தான் ஓட்டினார்.

அவர் ஒருநாளும் அவளை அடித்ததில்லை, வைததில்லை. அவளுக்குச் சர்க்கரை வந்தபோது மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பவர் அவர்தான். நல்ல மனிதர் என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் அத்தையின் காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். சர்க்கரைக்காரிக்கு வலி தெரியவில்லை. பாதம் வீங்கி, கெண்டைக்கால் வரை சிவப்பு ஏறி, குளிர்க்காய்ச்சலில் தூக்கிப்போட்டபோதுதான் ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். சாதாரண ஊசிக்கு அடங்காத கிருமி என்று சொல்லி, வீரியமான ஒரு மருந்தை ட்ரிப்ஸில் கலந்து நாள்தோறும் ஏற்றினார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது ராமநாதபுரம். சாப்பாடு கொண்டுபோவது என் பொறுப்பானது. மாமா கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

காய்ச்சல் விட்டதும் அத்தைக்கு அந்த வார்டு ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எத்தனை புதுக் குறைகள்! போனைப் பார்த்துக்கொண்டே “ஓகேவா, ஓகேவா” என்று புண்ணைப் பிதுக்குகிற பெரிய டாக்டர், இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடக்கிற நர்ஸம்மா, வாளியைத் தூக்கும்போதெல்லாம் முனகுகிற, வார்டு கூட்டும் அம்மா. வலியில் கிடந்த பெண்கள்கூட தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, “அக்கா, ஓகேவாவ செய்யிங்க” என்று கேட்டார்கள். நர்ஸ்களும் வேலைக்கு நடுவில் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் ட்ரிப்ஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏற ஆரம்பித்துவிட்டது. மாமா பதறி எழுந்து நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு ஓடினார்.

“ட்... ட்... ட்ரி...”

அவர் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கட்டிலிலிருந்து அதே குரல் வந்தது. “ட்... ட்... ட்ரிப்ஸு தீ... தீ... தீந்துருச்சு.” ரத்தம் ஏறுவது அவளுடைய கையில். அதைப் பார்த்துக்கொண்டேதான் செய்தாள். நர்ஸ்கள் மேஜை மேல் கவிழ்ந்து சிரித்தார்கள். வார்டே சிரித்தது. மாமா திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மேஜை பக்கம் போகவில்லை. ஏதாவது தேவையென்றால் நான் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் கையைக் காட்டுவார்.

அடுத்த கட்டிலில் கடற்கரை ஊரான அக்காள்மடத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது திருக்கை மீனின் முள் பாதத்தில் குத்தி, புண் பழுத்து வந்தவள். அவளுக்கும் அதே மருந்துதான், அத்தைக்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. கூச்ச சுபாவம். நர்ஸைக் கூப்பிடக்கூடத் தயங்குவாள்.

“மேடம், வாயச் சுத்தி எறும்பு ஊறுற மாதிரி இருக்கு” என்று அவள் சொன்னபோது நர்ஸம்மா, “எறும்பும் ஊறும், யானையும் ஊறும். படுங்க” என்றாள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி இறுக்கினார்கள். அப்போது அந்தப் பெண்ணின் கை தானாக மடங்கியது. விரல்கள் ஐந்தும் நுனியில் ஒன்றாகக் குவிந்தன, கட்டைவிரல் உள்ளே போயிற்று, மணிக்கட்டு வளைந்தது. வளையல்காரரிடம் வளையல் போட்டுக்கொள்ள நீட்டுவோமே, அப்படி ஒரு கை. அவள் வெட்கப்பட்டு அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறைத்ததை அத்தை விடுவாளா? அன்றைக்கே அவளுக்குப் பிரஷர் பார்க்க வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பட்டை இறுக இறுக, கை மெல்ல மெல்லக் குவிந்தது, மணிக்கட்டு சாய்ந்தது, “மேடம், எறும்பு ஊறுது மேடம்” என்று அக்காள்மடத்துப் பேச்சு வந்தது. கடைசியில் குவிந்த விரல்களைப் பூ மலர்வதுபோல ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். நர்ஸுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டே.

மறுநாள் காலை வார்டைப் பார்க்க வந்த ஓர் இளம் டாக்டரம்மாதான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தவர். பட்டையை மறுபடி இறுக்கச் சொல்லி, குவிகிறதா என்று குனிந்து பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“கிருமியக் கொல்லுற அதே மருந்து செய்யிற வேலைதாம்மா இது. சில பேருக்கு மட்டும் கிட்னி வழியா ஒடம்புல உள்ள உப்பையெல்லாம் சேத்து வெளிய இழுத்துட்டுப் போயிரும். மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா எறங்கிரும். அதான் இப்படி இழுக்குது. இன்னும் எறங்கினா இதயத் துடிப்பே தடுமாறும்” என்று எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார். மருந்தை மாற்றி, உப்புகளை ட்ரிப்ஸில் மெதுவாக ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் கை விரிந்தது. தேறி வீட்டுக்கும் போனாள்.

“எனக்கும் அந்த மருந்துதான ஏறுது?” என்று அத்தை கேட்டாள். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. “இன்னும் ரெண்டு நாள்ல திரும்பப் பார்ப்போம். ஏதாவது எறும்பு ஊறுற மாதிரி, மரத்துப்போற மாதிரி இருந்தா உடனே சொல்லணும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் அத்தை, “மெக்னீஸ்ஸியம், பொட்டாஸ்ஸியம்” என்று புருவத்தை உயர்த்தினாள். வார்டு சிரித்தது.

மறுநாளே அத்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. தொடை கனக்கிறது என்றாள். ஆனாலும் செய்வதை நிறுத்தவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அக்காள்மடத்துக்காரியின் கையைச் செய்து காட்டினாள். அவர்கள் பார்த்தேயிராத ஒருத்தியை அவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த நாள், மறுபடி ரத்தம் எடுப்பதற்கு முன்பே, மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது நடைபாதையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே நர்ஸம்மா பிரஷர் பட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அத்தை மல்லாந்து கிடந்தாள். கை குவிந்திருந்தது, அக்காள்மடத்துக்காரியின் கை மாதிரியே. இந்த முறை இரண்டு கையும்.

“போதும்மா, இருங்க. பிரஷர் பாக்க விடுங்க” என்று நர்ஸம்மா சிரித்துக்கொண்டே தோளில் தட்டினாள். பழைய நோயாளி ஒருத்தி, புதிதாக வந்தவளுக்கு, “காலையில இருந்து இதேதான் செய்யிறாக. இப்ப மொகத்தையும் சேத்து செய்யிறாக பாரு” என்று விளக்கிக்கொண்டிருந்தாள். முகம் உண்மையிலேயே விசேஷமாகத்தான் இருந்தது. உதடுகள் மீன் வாய்போல முன்னால் குவிந்து இறுகியிருந்தன.

நானும் சிரித்த முகமாகத்தான் தூக்குவாளியை இறக்கி வைத்தேன். அப்புறம் அவள் கண்களைப் பார்த்தேன். அவை யாரையும் சுற்றிப் பார்க்கவில்லை. யார் சிரிக்கிறார்கள் என்று தேடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமா மேல் குத்திட்டு நின்றன.

நர்ஸம்மா பட்டையைக் கழற்றிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கை விரியவில்லை. பூ மலரவில்லை. போர்வையை விலக்கினேன். பாதங்களும் கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

“அயித்தை?”

பல்லுக்கு நடுவே ஏதோ வந்தது. சொல்லாக வரவில்லை.

“மாமா, இது நடிப்பு இல்ல. நெசமாவே இழுக்குது மாமா.”

மாமா தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த துண்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“தெ... தெ... தெரியும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரையே பார்த்தேன். அடுத்த வாக்கியத்துக்கு அவருக்கு நேரம் பிடித்தது. நானும் நின்று கேட்டேன்.

“கா... காலையிலேயே சொன்னா. எ... எறும்பு ஊறுதுன்னு. நர்ச கூ... கூப்பிடச் சொன்னா.”

உப்பு இறங்கி உடம்பு இழுத்துக்கொண்டாலும் அறிவு தெளிவாகத்தான் இருக்கும், காதும் கேட்கும் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். அதை அவர் சொல்லாமலே அப்போது எனக்குத் தெரிந்தது. அத்தையின் கண்கள் மாமாவை விட்டு அசையவில்லை. காலையில் முதலில் அவளே நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள் என்று பின்னால் வார்டில் சொன்னார்கள். நர்ஸ் சிரித்திருக்கிறாள். அப்புறம் அந்த வார்டில் தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ‘ம்’ என்று கேட்டுக்கொண்டு, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கை மரத்து, வாய் குவிந்து, பேச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நர்ஸ்களிடம் சொன்னால் மறுபடி சிரிப்பார்கள் என்று, டாக்டரைத் தேடி நான் ஓடினேன். சேலை காலில் தட்ட, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த அறை என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டரம்மா கிடைத்தது என் நல்ல நேரம். அவர் வந்து பார்த்த வேகத்தில் வார்டு அடங்கிவிட்டது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பெட்டியில் பச்சைக் கோடு ஒழுங்கில்லாமல் துள்ளியது.

“இதப் பாத்துட்டா சிரிச்சிட்டு இருந்தீங்க?” என்று டாக்டரம்மா நர்ஸைக் கேட்டார்.

“எப்பவும் செய்யிறவங்கதான் மேடம்...”

கால்சியத்தை அவரே பக்கத்தில் நின்று, கோட்டைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஏற்றினார். அப்புறம் மெக்னீசியம், பொட்டாசியம். அத்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டில் நகரும்போதுகூட அவள் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி மாமாவைப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஏன் மாமா சொல்லல?” என்று கேட்டேன். அவர் நர்ஸ்கள் உட்காரும் மேஜையை மோவாயால் காட்டினார். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினார். ‘நான் போய்ப் பேசினால் சிரிப்பார்கள்’ என்றாரா, ‘நானாகத்தான் வாயைப் பொத்திக்கொண்டேன்’ என்றாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. வேலை முடிந்த ஆள்போல உட்கார்ந்திருந்தார்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். கை விரிந்தது, பேச்சு வந்தது, கால் புண்ணும் ஆறியது. மாத்திரையை மாமா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார், அவளும் வாங்கி விழுங்கினாள். அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. செத்துப் பிழைத்தவள், இனிமேல் மாறிவிடுவாள் என்று குடும்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சொந்தமெல்லாம் அத்தையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

“அயித்தை, ஆஸ்பத்திரிய செய்யி.”

அத்தை பிகு செய்யவில்லை. ஓகேவா வந்தார். சாவிக்கொத்து வந்தது. மெக்னீஸ்ஸியம் வந்தது. அக்காள்மடத்துக்காரி வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவு கதவாக முட்டுகிற நான் வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் குவிந்த கைகளும் மீன் வாயுமாக, இழுத்துக்கொண்டு கிடந்த தன்னையும் அவள் செய்தாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

என் பெரியப்பா மகன், “மாமாவ செய்யலயே அயித்தை? அன்னைக்கு அவரு பக்கத்துலதான இருந்தாரு?” என்று கேட்டான்.

பந்தலின் ஓரத்தில் நாற்காலியில் இருந்த மாமாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையை எடுத்தாள். ஆனால் முகத்தைத் துடைக்காமல் அதை மடியில் போட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கு அவரு சொன்னதுல ஒரு வார்த்தைதான் வார்த்தை. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அத மட்டும் எனக்குச் செய்ய வரல.”

“என்ன வார்த்தை அயித்தை?”

“என்னய ஏன் கேக்குறீக? அவரு இங்கனதான இருக்காரு. அவருட்டயே கேளுங்க.”

பிள்ளைகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “சொல்லுங்க தாத்தா, சொல்லுங்க தாத்தா” என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கையை ஆட்டிப் பார்த்தார், தலையை ஆட்டிப் பார்த்தார். விடவில்லை. அவரை எழுப்பி நிறுத்திவிட்டார்கள்.

“தெ...” என்றார்.

பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள்.

“தெ... தெ...”

கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. பிள்ளைகள் “தெ தெ தெ” என்று கூடவே பாட ஆரம்பித்தார்கள். பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, பந்தியில் பரிமாறுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்து காட்டாமலே அவரை முழுதாகச் செய்து காட்டிவிட்டாள். நான் ஏதாவது சொல்லி நிறுத்தலாமா என்று பார்த்தேன். சொன்னால், அன்றைக்கு அவர் என்னிடம் சொன்ன அந்தத் ‘தெரியும்’ என்ற வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியப்பா மகனின் மனைவி சட்டென்று எழுந்தாள். “ஏ, சும்மா இருங்க பிள்ளைகளா. எனக்குத் தெரிஞ்சிருச்சு. தெய்வமேன்னு கூப்பிட்டிருக்காரு! பொண்டாட்டி இழுத்துக்கிட்டுக் கெடக்கயில மனுசன் வேற யாரக் கூப்பிடுவாரு?”

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் “உச்” கொட்டினார்கள். ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். “பாவம், அதுவும் வாயில வராம எப்படித் தவிச்சாரோ” என்றாள். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

“அதான அயித்தை? தெய்வமேன்னுதான சொன்னாரு?”

அத்தை மாமாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பார்த்த அதே பார்வை. அவசரமே இல்லாமல் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

“ஆமா” என்றாள் அத்தை. “தெய்வமேன்னுதான் சொன்னாரு. வேற என்னத்தச் சொல்லப் போறாரு?”

யாரோ வந்து மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கிழவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வாய் இன்னும் அந்த முதல் எழுத்துக்காகத் திறந்தே இருந்தது. மிச்சச் சொல் அவர் தொண்டையில் ஏறுவதும் இறங்குவதும் நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.